இடிந்த பின் அழுவதா, எழுவதற்கு இன்றே திட்டமிடுவதா?

(பொட்டிபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடெங்கும் பேசப்பட்ட ஊர் உங்கள் பொட்டிபுரம். மலையைக் குடையலாமா, கூடாதா என்று அறிஞர்களும் ஆட்சியாளர்களும் வாதிட்டபோதுதான் இப்படி ஒரு சிற்றூர் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. இன்று நான் பேச வந்தது அந்த வழக்கைப் பற்றி அன்று. மலை நமக்குச் சோறு போடுகிறது. அதே மலை ஒருநாள் சினந்தால், சினந்து ஓய்ந்த மறுநாள் காலையில் நாம் என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியைக் கேட்கவே வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்து வாழ்க்கை இரண்டு தளங்களில் நடைபெறுகிறது. வீடு கீழே, வேலை மேலே. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களையெடுத்துக் காய் பறித்து, பொழுது சாயும்போது திரும்புகிறார்கள் நம் தாய்மார்கள். அங்கே விளைந்த ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலக்கூடத்திற்கு வருகிறது, விலை கூறப்படுகிறது, உலகச் சந்தைக்குப் போகிறது. சரக்குக்குக் கணக்கு இருக்கிறது. மூட்டைக்கு எண் இருக்கிறது. தரத்திற்குப் பெயர் இருக்கிறது. ஆனால், இன்று காலை எந்த ஜீப்பில் எத்தனை பேர் எந்தத் தோட்டத்திற்குப் போனார்கள் என்று கேட்டால், எடுத்துக்காட்ட ஊரில் ஓர் ஏடு உண்டா? ஏலக்காய்க்கு உள்ள கணக்கு அதைப் பறிக்கும் கைகளுக்கு இல்லை!

இது வெறும் குறை கூறல் என்று எவரும் எண்ண வேண்டா. கணக்கில்லாத மக்கள் இடர்க்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதற்கு இந்த மலைத்தொடரே சான்று கூறும்.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று மலையாள நாட்டார் இன்றும் நினைவுகூரும் பெருமழை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அந்த வெள்ளத்தில் அழிந்தது; மீண்டும் போடப்படவே இல்லை. ஆயினும் தேயிலை நிற்கவில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து நம் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கிப் போடிக்கு வந்து கொண்டே இருந்தது. வாணிகத்திற்கு மாற்றுவழி தேடும் அறிவு அன்றே இருந்தது. வாணிகத்தைத் தாங்கிய மனிதனுக்கு மாற்றுவழி தேடும் அறிவு மட்டும் நூறாண்டு கழிந்தும் முழுமை பெறவில்லை.

2018 மார்ச் 11. குரங்கணி மலையில் காட்டுத் தீ. நடைப்பயணம் வந்த இளைஞர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தீயின் நடுவில் சிக்கினர்; 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானூர்திகள் வந்தன, படைவீரர்கள் வந்தனர், அமைச்சர்கள் வந்தனர். ஆனால் முதலில் ஓடியவர் யார்? குரங்கணி ஊராரும் தோட்டத் தொழிலாளரும்! பாதை அறிந்தவர் அவர். பள்ளம் அறிந்தவர் அவர். ஆணைக்குக் காத்திராமல், ஊதியம் கேளாமல், காயம்பட்டவரைத் தூக்கி இறக்கியவர்கள் அவர்கள்தாம். எந்த இடரிலும் முதற்படை ஊர்மக்களே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அந்த முதற்படைக்கு ஒரு பயிற்சி உண்டா, ஒரு கருவி உண்டா, திட்டத்தில் ஓர் இடம் உண்டா என்பதுதான் நம் கேள்வி.

2020 ஆகஸ்டு 6. மூணாற்றுக்கு அப்பால், ராஜமலையை அடுத்த பெட்டிமுடி. இரவு பத்தரை மணிக்கு மேல் மலைச்சரிவு பெயர்ந்து நான்கு லயங்களின்மீது விழுந்தது. உறங்கியவர்கள் உறங்கியவாறே புதைந்தனர். இறந்தோர், காணாமற்போனோர் 70 பேர். தமிழ் பேசிய தேயிலைத் தொழிலாளர்கள்; பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரம் இல்லை, தொலைபேசி இயங்கவில்லை. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்! மண்ணுக்கடியில் மூச்சு இருந்த அந்த இரவு முழுவதும் அரசுக்குச் செய்தி இல்லை.

அதற்கு மறுநாள் மாலை கோழிக்கோட்டில் ஒரு விமான விபத்து நடந்தது. அங்கே மாண்டவர் குடும்பத்திற்குக் கேரள அரசு அறிவித்த தொகை 10 இலட்சம் ரூபாய். பெட்டிமுடியில் மாண்டவர் குடும்பத்திற்கு அறிவித்தது 5 இலட்சம் ரூபாய். விமானத்தில் வந்தவர் துயரம் சிறிது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணீரும் கண்ணீரே. ஆனால் வானத்தில் பறந்தவர் உயிருக்கும் லயத்தில் உறங்கியவர் உயிருக்கும் வேறு வேறு தராசா என்று அன்று மலையில் எழுந்த கேள்விக்கு மனச்சான்றுள்ள எவரும் விடை சொல்லத் திணறத்தான் வேண்டும். உயிர் பிழைத்த குடும்பங்களில் எட்டுக்கு, அரசு தந்த நிலத்தில் தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது; நல்லது. ஆனால் தோட்டத்தொழிலாளிக்கு வீடு தருவது 1951-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட முதலாளிமீது சுமத்திய கடமை. வேலை உள்ளவரை வீடு, ஓய்வு பெற்றால் வெளியே என்பதுதான் லயத்தின் நியதி. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவன், அழிவுக்குப்பின் எந்த இடத்தில் எழுந்து நிற்பான்?

தோழர்களே, அழிவு வேறு, பேரழிவு வேறு. மழை பெய்வதும் நிலம் சரிவதும் இயற்கை. அந்தச் சரிவின் கீழே யாருடைய வீடு இருக்கிறது என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதன் வகுத்தது. அதுபோலவே, அழிந்த பின் யார் முதலில் எழுகிறார், யார் பத்தாண்டு கழித்தும் எழ முடியாமற் கிடக்கிறார் என்பதும் மனிதன் வகுப்பதுதான். ஆகவே மீட்சி என்பது கருணையின் பாற்பட்டதன்று, அரசியலின் பாற்பட்டது என்று நான் அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறேன்.

நம் தமிழகக் கடற்கரை கற்ற பாடத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000-க்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தார். உலகமே உதவிக்கு வந்தது. துணி மலைபோல் குவிந்தது. சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. உதவி வந்தது, ஒழுங்கு வரவில்லை! அப்போது தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் கூடி நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தன. எந்த ஊருக்கு என்ன தேவை, எவர் எதைச் செய்கிறார், எங்கே ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று நாள்தோறும் கணக்கெடுக்கப்பட்டது. குழப்பம் குறைந்தது.

ஆயினும் அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. மீனவ ஊர்களுக்கு வலிமையான ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. அதன் பட்டியலில் இருந்தவருக்கு உதவி வந்தது. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள்? உப்பு நீர் புகுந்த வயலில் கூலிவேலை இழந்த உழவுத் தொழிலாளர், ஒடுக்கப்பட்ட மக்கள், ஆண்துணை இல்லாத பெண்கள் – இவர்களில் பலர் விடுபட்டனர் என்பது பிற்கால ஆய்வுகள் பதிவு செய்த உண்மை. படகிழந்தவனுக்குப் படகு, படகே இல்லாதிருந்தவனுக்கு என்ன? ஊர் என்பது ஒன்றல்ல. ஊருக்குள் மேலூர் உண்டு, கீழூர் உண்டு. பட்டியல் எழுதும் கை யாருடையதோ, அவருடைய தெருவில்தான் முதல் மூட்டை இறங்கும்!

தற்காலிகக் குடியிருப்புகளைத் தார்த்தகடுகளால் கட்டினார்கள். கோடையில் அவை உலைகளாயின. மழையில் நீர் புகுந்தது. சில மாதம் என்று சொல்லி அமர்த்தப்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே வெந்தன. எங்கே தங்குவது, எதனால் கட்டுவது என்பதை முன்பே எண்ணாததன் விலை அது. ஆனால் அதே மறுவாழ்வுப் பணியில் பாராட்டத்தக்க செயலும் ஒன்று நடந்தது. புதிய வீடுகளை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்ய வழிகோலப்பட்டது. குடிசையில் பிறந்து குடிசையில் முதிர்ந்த பெண், முதன்முதலாக ஒரு வீட்டின் உடைமையாளர் ஆனாள். அழிவுக்குப்பின் எழும்போது பழைய அநீதியையும் சேர்த்தே எழுப்ப வேண்டுமென்பதில்லை. அதனை இடிபாட்டோடு விட்டுவிட்டும் எழலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிக் காவிரிக் கடைமடையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தென்னை வைத்தவன் பலன் காணப் பல ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டுகள் அவன் எதை உண்பான்? அந்தத் தோப்பில் காய் பறித்தவனும் மட்டை முடைந்தவளும் எதை உண்பார்கள்? அவர்களுக்கு மரம் இல்லை. ஆகவே மரத்தின் பெயரால் தொகையும் இல்லை. ஏலச்செடியும் நட்ட மறுநாள் காய்ப்பதன்று. மூன்றாண்டு அளவில்தான் பலன் தரத் தொடங்கும். மலையில் செடி அழிந்தால் தோட்டக்காரர் இழப்பீட்டு மனு எழுதுவார். செடி மீண்டும் காய்க்கும் வரை கூலி இழந்து நிற்கும் பெண் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் மனு எழுதுவாள்?

வடக்கே பாருங்கள். 2001 சனவரி 26-இல் கச்சு நிலநடுக்கம் குசராத்தைக் குலைத்தது. அங்கே பெரும்பாலான வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டித் திணிக்கவில்லை, வீட்டுக்குரியவரே கட்டினர். தொகை தவணைகளாக வந்தது. கட்டடம் நிலநடுக்கம் தாங்குமாறு அமைகிறதா என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த தவணை. ஊர் ஊராகத் தகவல் மையங்கள் வைத்து, அரசின் ஆணையை மக்களுக்கும் மக்களின் குறையை அரசுக்கும் கொண்டு சென்றனர் அங்கிருந்த தொண்டர்கள். கிழக்கே ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர்ப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்ட மாநிலம் அது. 2013 அக்டோபரில் மற்றொரு கடும்புயல் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் மக்களை முன்கூட்டியே இடம் பெயர்த்தது. உயிரிழப்பு ஐம்பதுக்குள் அடங்கியது. கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. மக்களின் ஆயத்தம் மாறியது!

2024 சூலை 30 விடியற்காலையில் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 250-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். படைப்பொறியாளர்கள் இரண்டே நாளில் பாலம் அமைத்தனர். ஆனால் கல்பற்றாவில் புதிய நகரியத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 மார்ச் 27-இல். பாலத்திற்கு இரண்டு நாள். வீட்டின் அடிக்கல்லுக்கு எட்டு மாதம்! அதற்குள் இன்னொரு கேள்வி எழுந்தது: வீடு போயிற்று, நிலம் போயிற்று, வாங்கிய கடன் மட்டும் ஏன் போகவில்லை? பேரிடர்க் காலத்தில் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் தரப் பரிந்துரைக்கலாம் என்று 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறியிருந்தது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்து கொண்டிருந்த வேளையில், 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. மண் மூடிய மனிதனைத் தேடிக்கொண்டிருக்கையில், அவன் பற்றி எழ இருந்த கயிற்றை மேலேயிருந்து அறுத்தார்கள்! தில்லி இதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறது.

எனினும் சட்டத்தில் எஞ்சியிருப்பதையேனும் நாம் பயன்படுத்துகிறோமா? அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பகுதியில் நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானம் ஆகிய பணிகளை உள்ளாட்சியின் கடமைகளில் சேர்க்கிறது. 15-ஆம் நிதி ஆணையம் 2021–26 காலத்திற்கு மாநிலப் பேரிடர் நிதியை வகுத்தபோது, உடனடி நிவாரணத்திற்கு 40 விழுக்காடு, மீட்சிக்கும் மறுகட்டுமானத்திற்கும் 30 விழுக்காடு, ஆயத்தப் பணிகளுக்கு 10 விழுக்காடு, இடர் தணிப்பிற்கு 20 விழுக்காடு என்று பிரித்துக் காட்டியது. ஆக, அரிசியும் போர்வையும் கொடுத்தால் அரசின் கடமை தீர்ந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. எழுந்து நிற்பதற்கும் பணம் உண்டு என்று ஏட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். இங்கே அழுதால் மட்டும் போதாது, திட்டத்தோடு கேட்க வேண்டும்.

என்ன திட்டம்? ஊரே கூடி எழுதத்தக்க திட்டம். அதற்கு ஐந்து வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆள் கணக்கு. மலைக்குப் போவோர் எவர், எந்தத் தோட்டம், எந்த ஜீப், தோட்டத்திலேயே தங்குவோர் எவர் என்று தெருவாரியாக ஏடு வேண்டும். பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், தனித்து வாழும் பெண்கள், முதியோர், உடற்குறையுள்ளோர் ஆகிய இவர்களின் பெயர்களே முதற்பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் எந்தப் பட்டியலிலும் முதலில் விடுபடுவோர் இவர்கள்தாம். குடும்ப அட்டை, பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகள் ஊருக்குள் ஒன்றும் ஊருக்கு வெளியே ஒன்றுமாகப் பாதுகாப்பில் இருக்கட்டும். வெள்ளத்தில் தாள் போனால் உரிமையும் போயிற்று என்று சொல்லும் அலுவலர் இல்லாமற் போகமாட்டார்.

இரண்டாவது, இடம். வீடிழந்தோர் முதல் வாரம் எங்கே, ஆறு மாதம் எங்கே, நிலையாக எங்கே என்று மூன்று வினாக்களுக்கு இன்றே விடை காண வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தங்கலாம். மாதக்கணக்கில் தங்கினால் பிள்ளைகளின் படிப்பு புதையும். நிலையான மனைக்கு ஓடையின் பழைய போக்கும் சரிவின் தன்மையும் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல நிலவியல் அறிஞர் வேண்டும். அவரோடு, எந்தக் கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்ல ஊரின் மூதாட்டியும் வேண்டும்.

மூன்றாவது, குழு. தெருவுக்கு ஒருவர், பாதிக்குப் பாதி பெண்கள், கூலித்தொழிலாளர் கட்டாயம் – இப்படி ஒரு மீட்சிக் குழு அமைய வேண்டும். வந்த பொருளும் பணமும் கிராமசபையில் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். பெயர் விடுபட்டது என்று ஒருத்தி எழுந்து நின்று கேட்டால், அவளுக்கு விடை கிடைக்கும் வரை கணக்கு முடிக்கப்படலாகாது.

நான்காவது, பிழைப்பு. வீடு கட்டும் வேலை, வாய்க்கால் தூர்வாரும் வேலை, சரிவைக் கட்டும் வேலை ஆகியவற்றை வெளியூர் எந்திரத்திற்கு விடாமல் வேலையிழந்த உள்ளூர்க் கைகளுக்கே தர வேண்டும். மீட்சிக்கென வரும் ரூபாய் முதலில் பாதிக்கப்பட்டவர் வீட்டு அடுப்பை எரிக்கட்டும்!

ஐந்தாவது, மலையோடு உடன்பாடு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. எல்லை வரைபடத்தில் இருக்கிறது. மழைக்கு எல்லை தெரியாது, மண்சரிவுக்கு மாநிலம் தெரியாது. தேனித் தொழிலாளி இடுக்கியில் இடருற்றால் செய்தி சொல்ல வேண்டியவர் யார், உடலைக் கொண்டுவர வேண்டியவர் யார், இழப்பீடு தர வேண்டியவர் யார்? இரு மாவட்ட நிர்வாகங்களும் தோட்ட உரிமையாளரும் தொழிற்சங்கங்களும் கூடி இன்றே எழுதிக் கையெழுத்திடட்டும். மற்றொன்றையும் அதில் சேர்க்க வேண்டும். கடுமழை நாளில் தோட்ட வேலையை நிறுத்தும்படி இடுக்கி நிர்வாகம் ஆணையிட்டதுண்டு. அது உயிர் காக்கும் ஆணைதான். ஆனால் அன்றைய கூலி? கூலி இல்லையென்றால், தடையை மீறி மலையேறும் கட்டாயம் அவளுக்கு வருகிறது. ஆகவே எச்சரிக்கை நாளுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி வேண்டும். வயிற்றுக்கு விடை சொல்லாத எச்சரிக்கை காதில் விழாது, தோழர்களே!

“வராத இடரை ஏன் வாயால் அழைக்கிறீர்?” என்று கேட்பார் சிலர். விதைநெல்லைக் குதிரில் வைக்கும் உழவன் பஞ்சத்தை அழைப்பதில்லை; பஞ்சம் வந்தாலும் அடுத்த விதைப்பு நடக்க வேண்டும் என்று எண்ணுகிறான். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன நம் முன்னோர் வெள்ளத்தை விரும்பியவர் அல்லர்.

“எல்லாம் அரசு பார்த்துக் கொள்ளும், மக்கள் என்ன அறிவார்கள்?” என்பார் வேறு சிலர். அரசு பார்க்க வேண்டும். அதன் பொறுப்பை எள்ளளவும் நாம் குறைத்துக் கொள்ளவில்லை. ஊர் திட்டமிடுகிறது என்பதைச் சாக்காக வைத்து அரசு கைகழுவ முயன்றால் அதனையும் எதிர்ப்போம். ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையான கிழவி இருக்கிறாள் என்பது கோட்டையிலிருப்பவருக்குத் தெரியுமா? பணமும் பொறியறிவும் அரசு தரட்டும். வரிசையையும் தேவையையும் ஊர் சொல்லட்டும். 2015-இல் சப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி, முன்னிலும் சிறப்பாகக் கட்டியெழுப்புக என்றும், அதற்கான ஆயத்தம் இடருக்கு முன்பே நடைபெற வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டன. உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பொட்டிபுரம் கேட்பது பேராசை ஆகாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபைக்கென வகுக்கப்பட்டுள்ளன: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் அடுத்து வரும் நாளில், “எங்கள் ஊரின் பேரிடர் மீட்சித் திட்டம்” என்று ஒரு தீர்மானம் எழுதப்படட்டும். ஆள் கணக்கு ஏடு அதனோடு இணைக்கப்படட்டும். தேனி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படி, இடுக்கிக்கு ஒரு படி, தோட்ட உரிமையாளர் சங்கத்திற்கு ஒரு படி போகட்டும். ஒருமுறை அனுப்பி ஓய்ந்துவிடாமல், விடை வரும் வரை அடுத்த கிராமசபையிலும் அதற்கடுத்ததிலும் அதே தீர்மானம் வாசிக்கப்படட்டும்.

நாளை விடியுமுன் ஜீப் வரும். நம் பெண்கள் ஏறுவார்கள். அவர்கள் பெயரை எழுதும் வேலையை நாளைக் காலையிலேயே, அந்த ஜீப் நிற்கும் இடத்திலேயே இளைஞர்கள் தொடங்குங்கள். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.